“கட்டாயம்” என்றால் யாருக்குக் கட்டாயம்? கான்ஃபிக்கிலிருந்து உருவாகும் படிவங்கள்

ஒரு வலைப் படிவத்தில் பெயர் கேட்கும் பெட்டி இருக்கிறது. கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டி. அதில் ஒரே ஒரு ஸ்பேஸை மட்டும் தட்டிவிட்டு ‘அனுப்பு’ பொத்தானை அழுத்துங்கள். பிரவுசர் தடுக்காது. ஹெச்டிஎம்எல்லில் ரிக்வயர்ட் என்ற பண்புக்குப் பெட்டி காலியாக இல்லாமல் இருந்தால் போதும்; ஸ்பேஸும் ஓர் எழுத்துதான். அந்தத் தரவு சர்வருக்குப் போகிறது. அங்கே ஜேசன் ஸ்கீமாவை (தரவின் வடிவத்தைச் சொல்லும் விதிப் பட்டியலை) வைத்துச் சரிபார்த்தால் அதுவும் தடுக்காது. சொல்லப்போனால், பெட்டி முழுக்கக் காலியாக வந்தாலும் தடுக்காது. ஜேசன் ஸ்கீமாவில் ரிக்வயர்ட் என்றால் அந்தப் பெயரில் ஒரு சாவி (மதிப்பைச் சுட்டும் பெயர்) இருக்க வேண்டும், அவ்வளவுதான்; உள்ளே வெற்றுச் சரம் (ஓர் எழுத்தும் இல்லாத மதிப்பு) இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. சர்வர் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. அதன் படிவங்களில் எழுத்துப் புலம் (எழுத்தை வாங்கும் பெட்டி) இரு ஓரத்து ஸ்பேஸ்களையும் தானாகவே வெட்டிவிடும். மிச்சம் ஒன்றும் இல்லாததால் பிழை என்று திருப்பி அனுப்பும்.

ஒரே சொல், மூன்று இடங்களில் மூன்று பொருள். கான்ஃபிக் ஆப்ஜெக்டிலிருந்து, அதாவது கேள்விகளையும் விதிகளையும் தரவாக எழுதிய பட்டியலிலிருந்து, படிவம் கட்டுவது பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எத்தனை வரி கோடு (நிரல்) மிச்சமாகிறது என்பதில்தான் நிற்கிறார்கள். மிச்சமாவது உண்மைதான். ஆனால் இந்த முறையின் வலிமையும் ஆபத்தும் இருப்பது வேறிடத்தில் என்று நினைக்கிறேன். விதிகளை ஓரிடத்தில் எழுதிவைப்பது சுலபம். அதைப் படிக்கிற பிரவுசரும் சர்வரும் டேட்டாபேஸும் அந்த விதிக்கு ஒரே பொருள் கொள்ளும்படி செய்வதுதான் வேலை.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். சாதாரணமாக ஒரு படிவத்தை எழுதும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஹெச்டிஎம்எல் எழுதுகிறோம், அப்புறம் அதற்கான சரிபார்ப்பை ஜாவாஸ்கிரிப்டில், பிறகு அதே சரிபார்ப்பை மறுபடியும் சர்வரில். கான்ஃபிக் முறையில் படிவத்தைப் பற்றிய விவரத்தைத் தரவாக எழுதுகிறோம்: புலத்தின் பெயர், வகை, திரையில் காட்ட வேண்டிய லேபிள், தொடக்க மதிப்பு, விதிகள், எப்போது தெரிய வேண்டும் என்ற நிபந்தனை. ரெண்டரர் என்று ஒரு நிரல் அந்தப் பட்டியலைப் படித்து, ‘தேதி’ வகை என்றால் இந்தக் காம்போனென்ட், ‘தேர்வு’ வகை என்றால் அந்தக் காம்போனென்ட் என்று ஓர் அட்டவணையைப் பார்த்து வரைந்துகொண்டே போகும். புதிதாக ஒரு கேள்வி சேர்க்க வேண்டுமென்றால் பட்டியலில் ஒரு உருப்படி கூடும். கான்ஃபிக் டேட்டாபேஸில் இருந்தால், கோடு தெரியாத ஒருவர் நிர்வாகப் பக்கத்தில் இருந்தே அதைச் செய்துவிடலாம்.

இது புதிய யோசனையும் இல்லை. படிவங்கள் ஹெச்டிஎம்எல் 2.0 வழியாக 1995-இல் தரநிலைக்குள் வந்தன. அப்போது பெட்டி, பொத்தான், தேர்வுப் பட்டியல் என்று இருந்தனவே தவிர, விதி எழுத இடமே இல்லை. சரியா தவறா என்று அறிய சர்வருக்குப் போய்வர வேண்டும். அதே ஆண்டு வந்த ஜாவாஸ்கிரிப்ட் முதலில் பரவலாகப் பயன்பட்ட இடங்களில் ஒன்று படிவச் சரிபார்ப்பு. அந்த நாளிலிருந்து விதி இரண்டு இடங்களில், இரண்டு மொழிகளில் வாழத் தொடங்கியது.

அதை ஒழுங்குபடுத்த, வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2003 அக்டோபரில் எக்ஸ்ஃபார்ம்ஸ் 1.0 என்ற தரநிலையை வெளியிட்டது. தரவின் மாதிரி ஒரு பக்கம், திரையில் தெரியும் பெட்டிகள் இன்னொரு பக்கம். மாதிரியில் ஒவ்வொரு தரவுக்கும் வகை, கட்டாயமா, படிக்க மட்டுமா, எப்போது பொருந்தும், எப்படிக் கணக்கிட வேண்டும், என்ன கட்டுப்பாடு என்று அறிவித்துவிடலாம். இன்றைய எந்தப் படிவ லைப்ரரியின் கான்ஃபிக்கைத் திறந்தாலும் இதே ஆறும் வேறு பெயர்களில் இருப்பதைப் பார்க்கலாம். எக்ஸ்எம்எல் என்ற தரவு மொழியை நம்பி எழுதப்பட்ட எக்ஸ்ஃபார்ம்ஸை முக்கிய பிரவுசர்கள் இயல்பாக ஏற்கவில்லை. ஆனால் அது செத்தும் போகவில்லை: களத்தில் கைபேசியோடு போய்த் தகவல் திரட்டுபவர்கள் பயன்படுத்தும் ஓடிகே கருவிகள் இன்றும் அதன் ஒரு பகுதியைத்தான் பேசுகின்றன. அவர்கள் எக்செல் தாளில் ஒரு வரிசைக்கு ஒரு கேள்வி என்று எழுதுகிறார்கள். நிபந்தனைக்கு ஒரு பத்தி, கட்டுப்பாட்டுக்கு ஒரு பத்தி, பிழைச் செய்திக்கு ஒரு பத்தி. கான்ஃபிக் படிவத்தின் மிக எளிய, மிக அழகான வடிவம் அதுதான் என்பது என் கருத்து.

பிரவுசர்கள் வேறு வழியில் போயின. 2004-இல் பிரவுசர் தயாரிப்பாளர்கள் உருவாக்கிய வாட்-டபிள்யூஜி (WHATWG) குழு இருக்கிற ஹெச்டிஎம்எல்லையே நீட்டித்தது. அதன் விளைவாக, 2014-இல் டபிள்யூ3சி பரிந்துரையான ஹெச்டிஎம்எல்5-இல் ரிக்வயர்ட், பேட்டர்ன் (எழுத்து வடிவம்), மின் (குறைந்தபட்சம்), மேக்ஸ் (அதிகபட்சம்), மின்னஞ்சல் வகை, தேதி வகை எல்லாம் இடம்பெற்றன. இன்னொரு பக்கம், ஜேசன் தரவின் வடிவத்தைச் சொல்வதற்கு ஜேசன் ஸ்கீமா வளர்ந்தது. அதிலிருந்து நேராகப் படிவம் வரையும் லைப்ரரிகளும் வந்தன. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக்கு மோசில்லாவில் தொடங்கிய ஜேசன்ஸ்கீமா ஃபார்ம் அப்படிப்பட்டது. தரவு விதிக்கு ஒரு ஸ்கீமா, தோற்றத்துக்கு யூஐ ஸ்கீமா என்று அது இரண்டாகப் பிரித்து வாங்கும். எக்ஸ்ஃபார்ம்ஸின் பிரிவினையே வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது.

சரி, இனி பொருள் மாறும் இடங்களுக்கு வருவோம். இதில்தான் அதிகம் நிற்க வேண்டியிருக்கிறது.

காலி மதிப்பு

கட்டாயமில்லாத மின்னஞ்சல் பெட்டியை ஒருவர் நிரப்பவில்லை. ஹெச்டிஎம்எல் பெட்டி தருவது வெற்றுச் சரம். பிரவுசர் சரிபார்ப்புக்கு அது பிழை இல்லை. காலியாக இருக்கும்போது மின்னஞ்சல் விதியை அது பார்ப்பதே இல்லை. சர்வரில் ஸ்கீமா, சாவி இருந்தால் மதிப்பு மின்னஞ்சல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. வெற்றுச் சரம் மின்னஞ்சல் இல்லையே? பயனருக்கு “மின்னஞ்சல் தவறு” என்று வருகிறது, அவர் எழுதவே எழுதாத ஒன்றுக்கு. இந்தப் பிழையை ஒருமுறையாவது சந்திக்காத படிவ நிரலர் இருக்க மாட்டார்.

எண்களில் இன்னும் மோசம். ஜாவாஸ்கிரிப்டில் வெற்றுச் சரத்தை எண்ணாக மாற்றினால் பூஜ்யம் வரும். ‘எத்தனை குழந்தைகள்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டவரும், பூஜ்யம் என்று சொன்னவரும் ஒன்றாகிவிடுவார்கள். எந்த விதியும் மீறப்படவில்லை, எந்தச் செய்தியும் வரவில்லை, தரவு மட்டும் பொய்யாகிவிட்டது. செக்பாக்ஸில் இதன் மறுபக்கம்: டிக் செய்யாத பெட்டியைப் பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. ‘வேண்டாம் என்றார்’ என்பதும் ‘அந்தக் கேள்வி அவருக்குக் காட்டப்படவே இல்லை’ என்பதும் சர்வருக்கு ஒன்றுபோலத் தெரியும்.

இங்கே கான்ஃபிக் உண்மையிலேயே உதவும். புலத்தின் வகை இரு பக்கமும் தெரிந்திருப்பதால், சரிபார்ப்புக்கு முன்னால் எல்லாருக்கும் பொதுவான ஒரு படியை வைக்கலாம்: ஓர ஸ்பேஸ்களை வெட்டு, காலியாக இருந்தால் ‘மதிப்பு இல்லை’ என்று ஆக்கு, எண் வகை என்றால் எண்ணாக மாற்று, படிவத்தில் தெரிந்த செக்பாக்ஸுக்கு மதிப்பு வரவில்லை என்றால் ‘இல்லை’ என்று கொள். இதை முடித்த பிறகுதான் விதிகள் ஓட வேண்டும். வேலிடேஷன் லைப்ரரியைத் தேர்ந்தெடுக்க மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் இந்தப் படிக்கு ஐந்து நிமிடம்கூடத் தருவதில்லை. என் அனுபவத்தில், பிழைகளில் பாதி இங்கேதான் தீர்கிறது.

ரீஜெக்ஸும் எழுத்து எண்ணிக்கையும்

ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வேண்டும். கான்ஃபிக்கில் ‘ஆறு இலக்கம்’ என்று ஒரு ரீஜெக்ஸ் (எழுத்துகள் எந்த வடிவில் வர வேண்டும் என்று சொல்லும் சுருக்கக் குறிகள்) எழுதுகிறோம். ஹெச்டிஎம்எல்லின் பேட்டர்ன் பண்பு, மதிப்பு முழுவதும் அதற்குப் பொருந்த வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். ஜேசன் ஸ்கீமாவின் பேட்டர்ன், சரத்தின் உள்ளே எங்காவது பொருந்தினால் போதும் என்று எடுத்துக்கொள்ளும். பத்து இலக்கம் அனுப்பினாலும் உள்ளே ஆறு இருக்கிறதே! பைத்தானின் மேட்ச், தொடக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவை விட்டுவிடும். ஜாவாவின் மேட்சஸ் முழுவதும் கேட்கும். ஆக, தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் ரீஜெக்ஸுக்குள்ளேயே எழுதிவிடுவதே பாதுகாப்பு. ஹெச்டிஎம்எல்லுக்கு அவை தேவையில்லைதான், ஆனால் தொந்தரவும் இல்லை.

இலக்கம் என்ற குறிக்கும் இரண்டு பொருள் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் அது 0 முதல் 9 வரை மட்டும். பைத்தான் 3-இல் யூனிகோடில் இலக்கம் என்று குறிக்கப்பட்ட எல்லாமே இலக்கம்தான். ௧, ௨, ௩ எல்லாம் சேர்ந்துவிடும். ‘௧௨’ என்பதை எண்ணாக மாற்றச் சொன்னால் பைத்தான் மறுக்காமல் 12 என்று தரும். ஏற்கலாமா கூடாதா என்பது உங்கள் முடிவு. ஆனால் பிரவுசர் ஒன்றும் சர்வர் வேறொன்றும் முடிவு செய்யக்கூடாது.

பெயர்களுக்கு எழுதப்படும் ரீஜெக்ஸைப் பற்றி எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஆங்கில எழுத்து மட்டும் என்று எழுதிவிட்டுப் போகிறவர்களை விட்டுவிடுவோம். எல்லா மொழியும் வரட்டும் என்ற நல்ல எண்ணத்தோடு யூனிகோடின் ‘எழுத்து’ வகையைப் பயன்படுத்துபவர்கள்கூடத் தமிழைத் தடுத்துவிடுகிறார்கள். காரணம், தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘குறி’ என்ற தனி வகையில் இருக்கின்றன. க தேறும், கி தேறாது. ‘குறி’ வகையையும் விதியில் சேர்த்தால்தான் நம் பெயர்கள் உள்ளே போகும்.

நீளக் கணக்கும் இதேபோலத்தான். ‘மீனாட்சி’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடு குறியீடாக எண்ணினால் எட்டு. யூடிஎஃப்-8 பைட்டாக எண்ணினால் 24. ஹெச்டிஎம்எல்லின் மேக்ஸ்லெங்த் யூடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகிறது. ஜேசன் ஸ்கீமா யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது. தமிழுக்கு இவை இரண்டும் ஒன்றே, ஆனால் ஒரு சிரிப்பு ஈமோஜி வந்தால் முன்னதற்கு இரண்டு, பின்னதற்கு ஒன்று. டேட்டாபேஸின் பத்தி பைட் கணக்கில் அமைந்திருந்தால் இரண்டு பக்கமும் தேறிய பெயர் அங்கே போய் முட்டும். கடவுச்சொல்லில் இது பாதுகாப்புச் சிக்கலாகவும் ஆகிறது: கடவுச்சொல்லை மறைத்துச் சேமிக்கும் பிகிரிப்ட் முறை 72 பைட்டுகளைத்தான் கணக்கில் கொள்ளும், அதாவது தமிழில் 24 குறியீடுகள். அதற்கு மேல் தட்டியதெல்லாம் பல செயலாக்கங்களில் சத்தமில்லாமல் விடுபடும். போதாததற்கு, ‘கொ’ என்பதை இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம், மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. நீளம் எண்ணுவதற்கும் ஒப்பிடுவதற்கும் முன்னால் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்குவதை) செய்வது முன்பு சொன்ன பொதுப் படியில் சேர வேண்டியது.

ரீஜெக்ஸை விடும் முன் இன்னொன்று. கான்ஃபிக்கை நிர்வாகப் பக்கத்தில் யாரோ எழுதலாம் என்றால், ரீஜெக்ஸையும் யாரோ எழுதலாம் என்று பொருள். மோசமான ரீஜெக்ஸ் ஒரு சர்வரையே முடக்கும். 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் படுத்ததற்குக் காரணம், ஓர ஸ்பேஸ்களை வெட்ட எழுதிய ஒரு எளிய ரீஜெக்ஸ். ஒரு பதிவின் நடுவே சுமார் 20,000 ஸ்பேஸ்கள் தொடர்ந்து இருந்ததால் அது கிட்டத்தட்ட 20 கோடி முறை சோதித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. 2019 ஜூலை 2 அன்று இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃப்ளேர் 27 நிமிடம் முடங்கியதும் ஒரு ரீஜெக்ஸால்தான். கூகுளின் ஆர்இ2 போன்ற எஞ்சின்கள் உள்ளீட்டின் நீளத்துக்கு நேர்விகிதமான நேரத்தில் முடித்துவிடும்; பின்குறிப்பு (முன்பு பொருந்தியதையே மறுபடி கேட்பது), முன்னோக்கு (அடுத்து வருவதைப் பார்த்து முடிவு செய்வது) போன்ற சில வசதிகளை அதற்காக விட்டுக்கொடுக்கின்றன. கான்ஃபிக்கிலிருந்து ரீஜெக்ஸ் வாங்கும் சர்வரில் அப்படிப்பட்ட ஒன்றையே வைக்க வேண்டும். அதோடு நீளச் சோதனையை ரீஜெக்ஸுக்கு முன்னால் ஓட்டுங்கள்.

மறையும் புலங்கள்

டைனமிக் படிவம் என்ற பெயருக்குத் தகுதி தருவது நிபந்தனைகள்தான். ‘முன்பு வேறு பெயர் இருந்ததா?’ என்பதற்கு ஆம் என்றால் ‘முந்தைய பெயர்’ பெட்டி தெரியும். இல்லை என்றால் மறையும். எழுதுவதற்கு ஒரு வரிதான். ஆனால் மறைந்த பெட்டி கட்டாயமா? அதிலிருந்த மதிப்பு என்ன ஆகும்?

முதல் கேள்வியில் நான் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். மறைக்க வேண்டிய பெட்டியை தோற்றத்தை மாற்றும் சிஎஸ்எஸ்ஸால் மட்டும் மறைத்திருந்தேன். ரிக்வயர்ட் பண்பு அப்படியே இருந்தது. ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. பிரவுசர் அந்தப் பெட்டியைக் காலி என்று கண்டுபிடித்து, அதற்கு ஃபோகஸ் கொடுத்துச் செய்தி காட்டப் பார்த்து, தெரியாத பெட்டிக்கு ஃபோகஸ் கொடுக்க முடியாமல் நின்றுவிட்டது. நிரலர்கள் பார்க்கும் கன்சோலில் மட்டும் ஒரு வரி. கன்சோலைத் திறந்து பார்க்கும் பயனர் யார்? மறைப்பதென்றால் பெட்டியை டாமிலிருந்தே (பிரவுசர் வைத்திருக்கும் பக்க அமைப்பிலிருந்தே) எடுத்துவிட வேண்டும், அல்லது டிஸேபிள் செய்ய வேண்டும். டிஸேபிள் ஆன பெட்டி சரிபார்க்கப்படாது, அனுப்பப்படவும் மாட்டாது. ரீட்ஒன்லி (படிக்க மட்டும்) பெட்டியும் சரிபார்க்கப்படாது, ஆனால் அனுப்பப்படும். இந்த வேறுபாட்டை ரெண்டரர் எழுதுபவர் மனப்பாடமாகவே வைத்திருக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு எக்ஸ்ஃபார்ம்ஸ் அன்றே பதில் சொல்லிவிட்டது: பொருந்தாத தரவு அனுப்பப்படாது. நானும் அந்தக் கட்சிதான், ஒரு சேர்க்கையோடு. பயனர் தவறுதலாக ‘இல்லை’ அழுத்திவிட்டு மறுபடி ‘ஆம்’ அழுத்தினால், அவர் எழுதியது அங்கேயே இருக்க வேண்டும். எனவே நினைவில் வைத்திரு, அனுப்பும்போது விடு. சர்வரும் அதே நிபந்தனையைத் தானே கணக்கிட்டு, பொருந்தாத புலத்துக்கு மதிப்பு வந்திருந்தால் தள்ளிவிட வேண்டும். பிரவுசர் அனுப்பியதை நம்பி ‘இந்தப் புலம் மறைந்திருந்தது, கட்டாயம் இல்லை’ என்று சர்வர் முடிவு செய்தால், எந்தக் கட்டாயப் புலத்தையும் யாரும் தாண்டிப் போகலாம்.

நிபந்தனைகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும்போது வரிசை முக்கியமாகிறது. அ தெரிந்தால்தான் ஆ, ஆ-வின் மதிப்பைப் பொறுத்து இ. அ மறைந்தால் ஆ-வும் மறைகிறது. இப்போது இ எதைப் பார்க்கும்? நினைவில் கிடக்கும் ஆ-வின் பழைய மதிப்பையா? மறைந்த புலத்துக்கு மதிப்பே இல்லை என்று எல்லா நிபந்தனைகளும் கொள்ள வேண்டும். இல்லையென்றால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத கேள்விகள் திரையில் நிற்கும். சார்புகளை ஒரு வரைபடமாக்கி, சார்ந்திருப்பவை பின்னால் வரும்படி வரிசைப்படுத்திக் கணக்கிட்டால் ஒரே சுற்றில் முடியும். வட்டமாகச் சுற்றினால், அதாவது ‘ஆ காலி என்றால் அ தெரியும், அ காலி என்றால் ஆ தெரியும்’ என்று யாராவது எழுதினால், கான்ஃபிக்கைச் சேமிக்கும்போதே மறுத்துவிட வேண்டும். படிவத்தை நிரப்ப வந்தவர் அந்தத் தவறைச் சுமக்கக் கூடாது.

நிபந்தனையை எப்படி எழுதுவது? ஜேசனுக்குள் ஃபங்ஷனை வைக்க முடியாது. சிலர் ஜாவாஸ்கிரிப்ட் துண்டைச் சரமாக வைத்து இவால் செய்கிறார்கள், அதாவது அதை நிரலாக ஓட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கான்ஃபிக்கைத் திருத்தும் உரிமை உள்ளவர் எவரும் உங்கள் பயனர் எல்லாரின் பிரவுசரிலும் எந்த நிரலையும் ஓட்டலாம் என்றாகிவிடும். ஒழுங்கான உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை (எந்த நிரல் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்வது) உள்ள தளத்தில் அது ஓடவும் ஓடாது. சமம், பெரிது, பட்டியலில் உண்டு, மற்றும், அல்லது, இல்லை என்ற ஆறேழு செயல்களை ஆப்ஜெக்டாக எழுதுவதே போதும். ஜேசன்லாஜிக் அப்படிப்பட்ட ஒரு வடிவம், பல மொழிகளில் கிடைக்கிறது. அதிலும் சாதாரண சமம் தளர்வானது: சரமாக உள்ள 1-உம் எண்ணாக உள்ள 1-உம் சமம். கண்டிப்பான சமத்தையே எழுதப் பழகுவது நல்லது. ஜேசன் ஸ்கீமாவிலேயே ஏழாம் வரைவிலிருந்து இஃப்-தென்-எல்ஸ் உண்டு. சரிபார்ப்புக்கு அது பொருத்தம். ஆனால் எந்தப் புலத்தைக் காட்டுவது என்று அதிலிருந்து ஊகிப்பது ரெண்டரருக்குக் கடினம்.

இந்தச் செயல்களின் பட்டியல் மெல்ல வளரும். தேதிக் கணக்கு வேண்டும் என்பார்கள், சரத்தை வெட்ட வேண்டும் என்பார்கள், அப்புறம் ஒரு லூப். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். டீபக்கர் (பிழை தேடும் கருவி) இல்லாத, டெஸ்ட் எழுத முடியாத ஒரு நிரல்மொழியை நாமே உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். சிக்கலான விதிக்கு ஒரு பெயர் கொடுங்கள். கான்ஃபிக்கில் பெயர் மட்டும் இருக்கட்டும், விதி கோடில் இருக்கட்டும்.

செய்தியும் அதைப் பெறுபவரும்

பிரவுசரின் இயல்பான பிழைச் செய்தி பக்கத்தின் மொழியில் வராது, பிரவுசரின் மொழியில் வரும். பக்கம் முழுவதும் தமிழில் இருக்க, செய்தி மட்டும் ஆங்கிலத்தில் துள்ளி வருவதைப் பார்த்திருப்பீர்கள். எனவே இயல்பான குமிழ்களை அணைத்துவிட்டு நம் செய்திகளைக் காட்டுகிறோம். இங்கேதான் ஒரு பொறி. ஆங்கிலப் பழக்கத்தில், லேபிளைச் செருகிச் செய்தி கட்டும் வார்ப்பு ஒன்றைக் கான்ஃபிக்கில் வைப்போம். தமிழில் லேபிளோடு ‘ஐ’ ஒட்டிப் பாருங்கள்: ‘பெயர்ஐ உள்ளிடவும்’, ‘நகரம்ஐ உள்ளிடவும்’. பெயரை, நகரத்தை, நாட்டை, ஊரை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாறும் மொழி இது. ஒன்று, புலத்துக்குப் புலம் செய்தியைக் கான்ஃபிக்கில் முழுதாக எழுத வேண்டும். இல்லையென்றால் ‘நகரம்: இதை நிரப்ப வேண்டும்’ என்பது போல வேற்றுமை ஒட்டாத வடிவில் வார்ப்பை அமைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்துச் சரிசெய்யக்கூடிய விஷயம் இல்லை இது. வார்ப்பின் அமைப்பே தீர்மானிப்பது.

எப்போது காட்டுவது? முதல் எழுத்தைத் தட்டும்போதே சிவப்பாக்குவது, பேசத் தொடங்கும் முன்பே ஒருவரைத் திருத்துவது போல. பெட்டியை விட்டு வெளியே போனதும் காட்டலாம். ஒருமுறை காட்டிய பிறகு, அவர் திருத்தும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் சோதித்து, சரியான கணமே செய்தியை எடுத்துவிடலாம். சிஎஸ்எஸ்ஸின் யூசர்-இன்வாலிட் இதே எண்ணத்தோடு வந்தது, 2023-இல் இருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் உண்டு.

திரையைப் பார்க்காமல் கேட்டு நிரப்புபவர்களுக்குச் சிவப்பு நிறம் ஒன்றும் சொல்லாது. லேபிள் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும், பிழைச் செய்தி ஏரியா-டிஸ்கிரைப்ட்பை என்ற பண்பின் வழியாகப் பெட்டியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், ஏரியா-இன்வாலிட் மாற வேண்டும், ரேடியோ பொத்தான்களுக்குக் குழுவின் தலைப்பு வேண்டும், அனுப்பியதும் முதல் பிழைக்கு ஃபோகஸ் போக வேண்டும். பிழை என்ன என்பதை எழுத்தாகச் சொல்வது டபிள்யூசிஏஜியில் (எல்லாரும் பயன்படுத்தும்படி வலைப்பக்கம் அமைப்பதற்கான வழிகாட்டி) மிக அடிப்படையான ஏ நிலைத் தேவை. 2018-இல் வந்த 2.1 பதிப்பு, பெயர், மின்னஞ்சல் போன்ற புலங்களின் நோக்கத்தை நிரல் அறியும்படி குறிக்கவும் கேட்கிறது. அதற்கு ஆட்டோகம்ப்ளீட் பண்பைக் கான்ஃபிக்கில் ஒரு சாவியாக வைத்தால் முடிந்தது. கான்ஃபிக் முறையை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். கையால் எழுதிய நாற்பது படிவங்களில் இதையெல்லாம் சரிசெய்ய யாருக்கும் நேரம் கிடைக்காது. ரெண்டரரில் ஒருமுறை சரிசெய்தால் நாற்பதும் சரியாகும்.

திரும்பத் திரும்பச் சேர்க்கும் வரிசைகளில், வரிசை எண்ணைச் சாவியாக வைக்காமல் ஒவ்வொரு வரிசைக்கும் நிலையான அடையாளம் கொடுங்கள். இல்லையென்றால் நடுவில் ஒன்றை நீக்கும்போது பிழைச் செய்தி அடுத்த வரிசைக்குத் தாவும். சர்வரிடம் கேட்டுச் சொல்லும் சோதனைகளில், பழைய கேள்விக்கான பதில் தாமதமாக வந்து புதிய பதிலை மூடிவிடாமல் பார்க்க வேண்டும். அந்தப் பயனர்பெயர் ஏற்கெனவே உண்டா என்பதற்கு உண்மையான காவல் டேட்டாபேஸின் யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்பது) மட்டுமே.

சர்வரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வந்த தரவில் கான்ஃபிக்கில் இல்லாத சாவிகளை அது ஏற்கவே கூடாது. 2012 மார்ச்சில் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் நடந்தது இதைத்தான் காட்டியது: படிவம் கேட்காத ஒரு புலத்தைச் சேர்த்து அனுப்பி, ஒருவர் தன் நுழைவுச் சாவியை வேறொரு திட்டத்தின் கணக்கில் பதியவைக்க முடிந்தது. கான்ஃபிக் கையில் இருக்கும்போது அனுமதிப் பட்டியலும் கையில் இருக்கிறது. புலப் பெயர்களையும் சோதியுங்கள். ‘ப்ரோட்டோ’ போன்ற பெயர்கள் ஜாவாஸ்கிரிப்டில் ஆப்ஜெக்டுகளின் வேரையே மாற்றக்கூடியவை. லேபிளை ஹெச்டிஎம்எல்லாக அல்லாமல் வெறும் எழுத்தாக வரையுங்கள்.

இரு பக்கமும் ஒரே பொருள் கொள்கின்றனவா என்று அறிய நான் நம்புவது ஒரு சோதனைப் பட்டியலை. ஒரு ஜேசன் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் ஒரு விதி, ஓர் உள்ளீடு, எதிர்பார்க்கும் முடிவு. வெற்றுச் சரம், ஒற்றை ஸ்பேஸ், தமிழ் இலக்கங்கள், இரண்டு வடிவ ‘கொ’, ஈமோஜி, பிப்ரவரி 30, பத்து இலக்கக் குறியீடு. பிரவுசர் பக்கத்து டெஸ்டும் சர்வர் பக்கத்து டெஸ்டும் இதே கோப்பைப் படிக்கும். புதிதாக ஒரு விதி வகை சேர்த்தால் முதலில் இங்கே வரி சேரும்.

எல்லாப் படிவத்துக்கும் இது தேவையா? இல்லை. இரண்டு பெட்டி உள்ள உள்நுழைவுப் பக்கத்தைக் கையால் எழுதுவதே தெளிவு. வரைபடத்தில் இடம் குறிப்பது, இழுத்து அடுக்குவது என்று ஒவ்வொரு அடியும் தனித்தன்மையோடு இருக்கும் பக்கத்தையும் கான்ஃபிக்குக்குள் திணிக்க வேண்டாம். படிவங்கள் நிறைய, அடிக்கடி மாறும், மாற்றுபவர் நிரலர் அல்ல என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் யோசியுங்கள்.

அடிக்கடி மாறும் என்பதிலிருந்து வரும் கடைசிச் சிக்கல்: பழைய பதில்கள். போன ஆண்டு நிரப்பியவரின் பதிலை இன்றைய கான்ஃபிக்கோடு திறந்தால், அப்போது இல்லாத கட்டாயக் கேள்வி பிழை காட்டும். நீக்கப்பட்ட தேர்வு வெறுமையாகத் தெரியும். ஒவ்வொரு பதிலோடும் அது எந்தப் பதிப்புக் கான்ஃபிக்கில் நிரப்பப்பட்டது என்பதையும் சேமித்து, பார்க்கும்போது அந்தப் பதிப்பாலேயே வரைய வேண்டும். பாதியில் விட்ட வரைவைத் தொடரும்போது மட்டும் புதிய பதிப்புக்கு மாற்றி, மாறிய கேள்விகளை அவருக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். புலத்தின் லேபிளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். புலத்தின் பெயரை மட்டும் மாற்றக் கூடாது. நீக்கிய பெயரை வேறொரு கேள்விக்கு மறுபடி கொடுக்கவும் கூடாது. தரவின் வடிவத்தை எழுதிவைக்கும் கருவியான புரோட்டோகால் பஃபர்ஸில், நீக்கிய புலத்தின் எண்ணை ‘ரிசர்வ்ட்’ என்று எழுதி யாரும் எடுக்காமல் பூட்டிவைக்கலாம். படிவக் கான்ஃபிக்கிலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கட்டும்: இதுவரை பயன்பட்டு ஓய்ந்த பெயர்கள், ஓய்ந்த தேதி, அப்போது அந்தக் கேள்வி என்ன கேட்டது.